உங்கள் இணையக் கடையில் வாங்குபவர் எங்கே நின்றுவிடுகிறார்?

நீங்கள் சென்னையை ஒட்டிய பெரும்பாக்கத்தில் வீட்டிலிருந்தபடியே இட்லிப் பொடி, செக்கு எண்ணெய், நைட்டி, தைத்த ஜாக்கெட் என்று ஏதோ ஒன்றை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸப்பில் தொடங்கி, இன்ஸ்டாகிராமுக்குப் போய், இப்போது சொந்தமாக ஓர் இணையதளமும் போட்டாயிற்று. ஆனாலும் தளத்தைப் பார்த்தவர்கள் திரும்ப வாட்ஸப்பிலேயே வந்து கேட்கிறார்கள். "அக்கா, டெலிவரி சார்ஜ் எவ்வளவு?" "எங்க ஏரியாவுக்கு வருமா?" "பணம் எப்படிப் போடணும்?"

இந்தக் கேள்விகளைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கேள்வியும் உங்கள் தளத்தில் எந்த இடத்தில் பதில் இல்லை என்பதைச் சொல்கிறது. கேட்டவரிடம் நீங்கள் பதில் சொல்லி விற்றுவிடலாம். கேட்காமல் தளத்தை மூடிவிட்டுப் போனவர் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. ஆகவே முதல் வேலை: கடந்த சில வாரங்களில் வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடிக்கடி வந்த கேள்வியை மேலே போடுங்கள். கீழே சொல்லப்போவதை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே படியுங்கள்.

இதற்குத் தளத்தையே புதிதாகக் கட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஷாப்பிஃபை, ஸோஹோ காமர்ஸ், வூகாமர்ஸ் போன்ற கடை மென்பொருள்களில் நான் சொல்வதில் பாதிக்கு மேல் அமைப்புகள் பக்கத்திலேயே (செட்டிங்ஸ்) மாற்றிவிடலாம். மீதியை உங்கள் தளத்தைச் செய்து கொடுத்தவரிடம் சொல்லிச் செய்யச் சொல்லலாம். என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தால் போதும்.

யாருக்காகத் தளத்தை அமைக்கிறோம்?

பெரும்பாக்கத்தையே பாருங்கள். சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில் ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எழில் நகரில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. ஒருவர் கையில் புது ஃபோன். இன்னொருவர் கையில் நினைவகம் நிரம்பிய பழைய ஃபோன், அதில் அன்றாட அளவுக்கு மட்டும் டேட்டா. ஆனால் இருவரும் ஃபோனில்தான் வாங்குகிறார்கள். நீங்கள் மட்டும் தளத்தை லேப்டாப்பில் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தால், வாங்குபவர் பார்ப்பது உங்கள் கண்ணில் படாது. இனி உங்கள் தளத்தை ஃபோனில் மட்டுமே பாருங்கள். முடிந்தால் வீட்டில் இருப்பதிலேயே பழைய ஃபோனில் பாருங்கள்.

தளம் திறக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

பல கடைகளில் காரணம் படங்கள்தான். இன்றைய ஃபோன் கேமராவில் எடுக்கும் ஒரு படம் மூன்று, நான்கு எம்.பி. வரும். பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால் ஒரே பக்கத்துக்கு வாடிக்கையாளரின் டேட்டா முப்பது, நாற்பது எம்.பி. கரையும்.

படத்தின் அகலத்தை 1,000 பிக்சல் (திரையின் சிறு புள்ளி) அளவுக்குக் குறைத்து, நூறு நூற்றைம்பது கே.பி. அளவில் சேமித்து ஏற்றுங்கள். ஃபோன் திரையில் வித்தியாசம் தெரியாது. முகப்பில் தானாக நகரும் பெரிய விளம்பரப் படங்களையும் எடுத்துவிடலாம். அவற்றுக்காகக் காத்திருப்பவர் பொருளைப் பார்க்காமலே போய்விடுவார்.

எவ்வளவு வேகம் போதும்? பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் கண்ணில் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுளின் இலவசக் கருவியில் உங்கள் தள முகவரியை ஒட்டினால், எது தாமதப்படுத்துகிறது என்று பட்டியலே தரும். பக்கம் குதிக்கிறதா என்பதையும் அது சொல்லும். வாங்கும் பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் மேலே ஒரு படம் வந்து விழுந்து, பொத்தான் கீழே இறங்கி, விரல் வேறெதிலோ பட்டுவிடுவதைத்தான் குதிப்பது என்கிறேன். படத்துக்கான இடத்தின் நீள அகலத்தை முன்கூட்டியே ஒதுக்கச் சொன்னால் இது நின்றுவிடும்.

வாங்குபவர் தேடும் பொருள் ஏன் கிடைப்பதில்லை?

நீங்கள் "நல்லெண்ணெய்" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஒருவர் "எள் எண்ணெய்" என்று தேடுவார், இன்னொருவர் "ஜிஞ்ஜலி ஆயில்" என்பார், மூன்றாமவர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டுவார், அதையும் நாலு விதமாக எழுத்துக்கூட்டுவார். தளத்துக்கு இதெல்லாம் ஒன்று என்று தெரியாது. தெருமுனைக் கடை அண்ணாச்சி எப்படிக் கேட்டாலும் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுப்பார். தளத்துக்கு அதை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் குறிச்சொற்கள் (டேக்) சேர்க்க இடம் இருக்கும். மக்கள் சொல்லும் எல்லாப் பெயரையும் அங்கே போடுங்கள். "எதுவும் கிடைக்கவில்லை" என்று முடிந்த தேடல்களைப் பல மென்பொருள்கள் தனியே சேர்த்து வைக்கின்றன. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். மக்கள் என்ன கேட்டு ஏமாந்து போனார்கள் என்பது அங்கே இருக்கும்.

இன்னொன்று: விலையையும் விவரத்தையும் படத்தின் மேல் எழுதிப் போடாதீர்கள். போஸ்டர் அழகாக இருக்கும். ஆனால் அதிலுள்ள எழுத்தைத் தளத்தின் தேடல் கண்டுகொள்ளாது, கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் செயலிக்கும் அது எட்டாது. எழுத்தை எழுத்தாகவே போடுங்கள்.

பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாதவருக்கு எதெல்லாம் சொல்ல வேண்டும்?

கடையில் அவர் கேட்டிருக்கக்கூடிய எல்லாவற்றையும். ஜாக்கெட் என்றால் "சைஸ் 38" போதாது. அது உடம்பின் அளவா, தைத்த துணியின் அளவா? உள்ளே பிரித்துவிட எவ்வளவு துணி விட்டிருக்கிறது? கை நீளம் எத்தனை அங்குலம்? துணி முதல் துவைப்பில் சுருங்குமா? இந்த நான்குக்கும் பதில் இருந்தால், அளவு சரியில்லை என்று திரும்பி வரும் பொருள்கள் குறையும். திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலுக்கும் கூரியர் காசு யார் தலையில் விழுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

உணவுப் பொருள் என்றால் எடை, சேர்த்த பொருள்கள், அரைத்த நாள், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதைச் சொல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) கொடுத்த பதினான்கு இலக்க எண்ணையும் பக்கத்தில் காட்டுங்கள். பொட்டலம் போட்ட பொருள்களை இணையத்தில் விற்கும்போது தயாரித்தவர் பெயர், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை போன்றவற்றைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்ற எடையளவு விதி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாங்குபவர் கேட்பதும் சட்டம் கேட்பதும் இங்கே ஒன்றுதான்.

கார்டில் போட்டவர் ஏன் வாங்காமல் போகிறார்?

கார்ட் என்பது தேர்ந்தெடுத்த பொருள்களைச் சேர்த்து வைக்கும் பை. டென்மார்க்கில் உள்ள பேமார்ட் ஆய்வு நிறுவனம் இதைப் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்து வருகிறது. பையில் போட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் வாங்காமலே போகிறார்கள் என்பது அதன் சராசரி. சும்மா பார்க்க வந்தவர்களை ஒதுக்கிவிட்டுக் கேட்டால், முதலில் வரும் காரணம் கடைசிப் பக்கத்தில் ஏறும் கூடுதல் செலவு.

உங்கள் கடையில் இதைச் சரிசெய்வது எளிது. பொருளின் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டம் வையுங்கள். வாங்குபவர் பின்கோடை இட்டால், அங்கே அனுப்புவீர்களா, எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் ஆகும் என்று மூன்றும் தெரிய வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் விலைக்குக் கீழே ஒரே வரி போதும். உதாரணமாக: "பெரும்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் – டெலிவரி ரூ.30, சென்னையின் பிற இடங்கள் ரூ.60, வெளியூர் எடைக்கேற்ப."

இது மரியாதைக்காகச் சொல்லும் யோசனை மட்டும் இல்லை. கட்டணத்தை மறைத்து வைத்துக் கடைசியில் காட்டுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட நெறிமுறைகள் ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. அதில் மொத்தம் 13 வகைகள் இருக்கின்றன. கேட்காமலே பையில் இன்னொரு பொருளைச் சேர்ப்பது, "இன்னும் ரெண்டே பீஸ்தான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. யாரோ விற்கும் தயார் வார்ப்புருவை (டெம்ப்ளேட்) வாங்கிப் போட்டிருந்தால், ஓடும் கடிகாரமும் பொய்யான கையிருப்பு எண்ணும் அதிலேயே இருக்கலாம். தேடிப் பார்த்து அணைத்துவிடுங்கள்.

கணக்குத் தொடங்கச் சொல்லலாமா?

வாங்கும் முன் வேண்டாம். இணையதளப் பயன்பாட்டை ஆராயும் அமெரிக்க வல்லுநர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் ஒரு பெரிய கடையின் கதையை எழுதினார். அங்கே பணம் கட்டும் முன் "பதிவு செய்க" என்ற பொத்தான் நின்றது. அதை எடுத்துவிட்டு, கணக்குத் தொடங்காமலே வாங்கலாம் என்ற குறிப்போடு "தொடர்க" என்று மாற்றினார்கள். ஓராண்டில் விற்பனை 30 கோடி டாலர் கூடியதாக அவர் சொல்கிறார்.

உங்களுக்கு வேண்டியது பெயர், ஃபோன் எண், முகவரி. மூன்றும் ஆர்டரிலேயே வந்துவிடும். கடவுச்சொல் எதற்கு? மறந்துபோகும் கடவுச்சொல் இன்னொரு வாட்ஸப் கேள்வியாகத்தான் வந்து நிற்கும்.

முகவரிப் படிவத்தில் என்ன தவறு நடக்கிறது?

நம் ஊருக்குப் பொருந்தாத படிவங்கள் இங்கேதான் அதிகம் சிக்கவைக்கின்றன. பெயருக்கு இரண்டு கட்டம் வைத்து, இரண்டாவதில் குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்பார்கள். நம்மில் பலருக்கு இருப்பது இனிஷியல்தான். ஒற்றை எழுத்தைப் போட்டால் "பெயர் மிகச் சிறியது" என்று சிவப்பில் திட்டும். ஒரே கட்டம் வையுங்கள். எப்படி எழுதினாலும் ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள்.

சென்னையில் பழைய எண், புதிய எண் என்று சாய்கோடு போட்டு எழுதுவது வழக்கம். சில படிவங்கள் சாய்கோட்டைத் தவறு என்கின்றன. எழில் நகர்ப் பக்கம் பிளாக் எண் இல்லாமல் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாக் கட்டடமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே "பிளாக், மாடி, கதவு எண்" என்று தனிக் கட்டமும், "அருகில் என்ன இருக்கிறது" என்று இன்னொரு கட்டமும் வையுங்கள். "குளோபல் ஆஸ்பத்திரி தாண்டி" என்று ஒருவர் எழுதினால் பொருளைக் கொண்டுபோகிறவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

மாவட்டம் எது? பெரும்பாக்கம் ஊராட்சி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டமே 2019 நவம்பர் 29-இல்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. ஆனால் மக்கள் தபால் முகவரியில் சென்னை என்றுதான் எழுதுகிறார்கள். பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வாங்குபவர் மூன்றுக்கும் நடுவே முழிப்பார். பழைய பட்டியலில் செங்கல்பட்டே இருக்காது. கேட்காமல் விட்டுவிடுங்கள். பின்கோடை வைத்தே ஊரும் மாநிலமும் தானாக நிரம்பச் செய்யலாம். 1972-இல் வந்த அந்த ஆறு இலக்க முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

பின்கோடு, ஃபோன் எண் கட்டங்களைத் தொட்டால் எண் விசைப்பலகை திறக்க வேண்டும். சின்ன மாற்றம்தான், ஆனால் ஆர்டர் போடும் ஒவ்வொருவரின் கையும் அதை உணரும். தவறு நேர்ந்தால் "பிழை" என்று மட்டும் காட்டாமல், "பின்கோடில் ஓர் எண் குறைகிறது" என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே சொல்லட்டும். நிரப்பிய மற்றவை அழிந்துவிடக் கூடாது.

கியூ.ஆர். போட்டிருக்கிறேனே, பணம் கட்ட அது போதாதா?

போதாது. வாங்குபவர் உங்கள் தளத்தைப் பார்ப்பது தன் ஃபோனில். அதே ஃபோனின் திரையில் இருக்கும் கியூ.ஆரை அதே ஃபோனின் கேமரா எப்படி ஸ்கேன் செய்யும்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஜிபேயைத் திறந்து, படத்தைத் தேர்ந்தெடுத்து, தொகையைத் தட்டி, மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்ப வேண்டும். பாதி வழியில் ஃபோன் அடித்தால் கதை முடிந்தது.

இதற்கு யூபிஐ இன்டென்ட் (அழுத்தியதும் பணச் செயலியை நேரே திறக்கும் இணைப்பு) என்ற வழி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஜிபேயோ ஃபோன்பேயோ தொகையோடு திறக்கும். பின் எண்ணைப் போட்டால் தளத்துக்கே திரும்பிவிடும். ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற பணநுழைவாயில்கள் (பேமென்ட் கேட்வே) இதைத் தருகின்றன. கணினியில் பார்ப்பவருக்கு மட்டும் கியூ.ஆர். காட்டினால் போதும்.

பணம் போய், ஆர்டர் பதியாமல் நின்றுவிட்டால்? வாங்குபவர் அதிகம் பயப்படும் இடம் இது. அப்போது திரையில் இப்படி ஒரு செய்தி வரட்டும்: "உங்கள் பணம் எங்களுக்கு இன்னும் உறுதியாகவில்லை. மறுபடி கட்ட வேண்டாம். சற்று நேரத்தில் செய்தி அனுப்புகிறோம்." கடைக்குப் பணம் உறுதியாகாத யூபிஐ பரிவர்த்தனையை ஐந்து நாளுக்குள் வங்கி தானே திருப்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வைத்த விதி. இதையும் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்தால் வாங்குபவருக்குத் தைரியம் வரும்.

குறை சொல்ல யாரைக் கூப்பிடுவது?

தளத்தின் அடியில் உங்கள் கடையின் பெயர், முகவரி, ஃபோன் எண், மின்னஞ்சல், குறை கேட்பவரின் பெயர் இருக்க வேண்டும். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் கேட்பது இதைத்தான். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "நான் வீட்டிலிருந்து விற்பவள்தானே?" என்று கேட்கலாம். எப்போதோ ஒரு பழைய சேலையை விற்றால் இந்த விதி பொருந்தாது. தொடர்ந்து வியாபாரமாகச் செய்தால் பொருந்தும்.

திரும்பப் பெறுவது பற்றியும் முன்பே சொல்லுங்கள். உணவை மாற்றித் தர மாட்டீர்கள் என்றால் அதை வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். விதிமுறைகள் பக்கத்தின் நாற்பதாவது வரியில் ஒளித்து வைத்ததை யாரும் படித்திருக்க மாட்டார்கள். சண்டைதான் மிஞ்சும்.

வயதானவர்களும் பார்வை குறைந்தவர்களும் வாங்க முடிகிறதா?

வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போடுவது இப்போது ஒரு மோஸ்தர். வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் இளைஞருக்கும் அது தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று உலக அணுகல் நெறிமுறை சொல்கிறது. இதைக் கணக்கிட்டுத் தரும் இலவசக் கருவிகள் உண்டு. பொத்தான் பெருவிரல் படும் அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்கும் "அரக்குக் கரை, பச்சை உடல், பருத்திச் சேலை" என்பதுபோல் ஒரு வரி விளக்கம் சேருங்கள். திரையை வாசிக்கும் செயலி அதைப் படித்துக் காட்டும். இணையச் சேவைகளை எல்லோரும் அணுக முடிவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐந்து பேரை உட்கார வைத்துப் பாருங்கள். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். இன்றும் பலர் பின்பற்றும் அளவு அது. உங்கள் குடும்பத்தாரும் தளம் செய்தவரும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். தளத்தைப் பார்த்தே இராத பக்கத்து பிளாக்குக்காரர், மாடிவீட்டு அத்தை, கல்லூரி மாணவர் என்று கலந்து அழையுங்கள்.

அவர்கள் ஃபோனிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். "கார்டில் சேர்த்துச் செக்அவுட் பண்ணுங்க" என்று வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க, அரைக் கிலோ இட்லிப் பொடி வேணும், வாங்கிப் பாருங்க" என்று வேலையை மட்டும் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் தடுமாறும்போது விரல் நீட்டிக் காட்டத் துடிக்கும், காட்டாதீர்கள். எந்த இடத்தில் நின்றார், எதைத் தவறாக அழுத்தினார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றால் அதுதான் அடுத்து சரிசெய்ய வேண்டிய இடம்.

எதிலிருந்து தொடங்குவது?

செலவில்லாதவற்றிலிருந்து. இன்று டெலிவரி கட்டணத்தை விலைக்குக் கீழே எழுதுங்கள், கட்டாயக் கணக்கை அணையுங்கள், ஃபோன் எண்ணை அடியில் போடுங்கள். இந்த வாரத்துக்குள் படங்களைச் சுருக்குங்கள், பெயர்–முகவரிக் கட்டங்களை மாற்றுங்கள். யூபிஐ இணைப்புக்குத் தளம் செய்தவரைக் கூப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்து, புதிதாக வந்த வாட்ஸப் கேள்விகளை எழுதிப் பாருங்கள். "டெலிவரி சார்ஜ் எவ்வளவு?" பட்டியலில் இல்லை என்றால் அந்தத் திருத்தம் வேலை செய்திருக்கிறது. அப்போது மேலே நிற்கும் புதுக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.